ஊற்று வற்றும் உடுமண்டலங்கள்

புத்தளம் என்னும் பெயர் 'உப்புத்தளம்' என்பதன் திரிபு என்று இவ்வூரார் சொல்வதுண்டு. சொல்லாராய்ச்சி வல்லார் அதனை ஏற்பினும் ஏலாது விடினும், ஊருக்கு அப்பெயர் பொருத்தமானதே. களப்பின் கரையோரத்திலே பாத்தி பாத்தியாக வெட்டி, உவர்நீரை உள்ளே விட்டு, மடையை அடைத்து, வெயிலும் காற்றும் அந்நீரைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, வெள்ளை வெளேரென்ற உப்பை வாரிக் குவிக்கும் தொழில் இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. அந்த உப்பளப் பாத்தியைக் கொண்டு வானத்துப் புதிர் ஒன்றினை விளங்கிக் கொள்ளலாம் என்று நான் சொன்னால், அன்பர் சிலர் நகைக்கக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

வானத்திலே விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடங்களும் உண்டு. பிறப்பு அடியோடு நின்றுபோன இடங்களும் உண்டு. மணவோசையும் தாலாட்டும் கேட்கும் ஊர் ஒன்று. முதியோர் மட்டுமே திண்ணையில் அமர்ந்திருக்க, தொட்டில் கட்டாத வீடுகள் நிறைந்த ஊர் மற்றொன்று. முதியோர் ஊரிலும் விளக்கு எரிகிறது. ஆயினும் புதிய விளக்கு ஏற்றுவார் இல்லை. இவ்விருவகை ஊர்களும் வானில் அருகருகே இருப்பானேன்? பிறப்பு நின்றது அவ்வூரின் உள்ளிருந்த நோயினாலா, அன்றி அதனைச் சூழ்ந்திருந்தவற்றின் கொடுமையினாலா? கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வானியலார் விடாது ஆராய்ந்து வரும் வினா இதுவேயாகும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நம் கதிரவன் ஒரு விண்மீன். அவனைப் போன்ற பல்லாயிரம் கோடி விண்மீன்கள், அவற்றிடையே பரந்து கிடக்கும் வாயு, தூசி ஆகிய யாவும் ஈர்ப்பு விசையினால் ஒன்றாய்ப் பிணைந்து நிற்கும் பெருங்கூட்டத்தை உடுமண்டலம் என்போம். நாம் வாழும் உடுமண்டலம் பால்வீதி. அதற்கு அப்பாலும் உடுமண்டலங்கள் தனித்தனித் தீவுகளாய் உள்ளன என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் எட்வின் ஹபிள் என்னும் அமெரிக்க அறிஞர். அவருடைய முடிவு 1925ஆம் ஆண்டின் முதல் நாளன்று அறிஞர் அவையில் வாசிக்கப்பட்டது. அன்று தொட்டு மனிதன் கண்ட உலகம் ஒரு தீவிலிருந்து ஒரு பெருந்தீவுக் கூட்டமாக விரிந்தது.

விண்மீன் எதனால் ஆவது? குளிர்ந்த ஐதரசன் வாயுவினால் ஆவது. வாயு குளிர்ந்து அடர்ந்தால், தன் பாரத்தினால் தானே உட்சரிந்து திரண்டு, நடுவிலே அணுவுலை மூண்டு ஒளிவிடத் தொடங்கும். பிறக்கும் விண்மீன்களுள் பெரியவை நீலநிறமாய்க் கொதிப்பவை. பெருஞ்செல்வன் பிள்ளை முதலை விரைவில் அழிப்பதுபோல் அவை தம் எரிபொருளைச் சில கோடி ஆண்டுகளுக்குள் எரித்து மாய்ந்துவிடும். சிறியவை செந்நிறமானவை, சிக்கனமாய் எரித்து ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வன. ஆகவே ஓர் உடுமண்டலம் நீலநிறமாய்த் தோன்றினால் அங்கே அண்மையில் பிறப்பு நிகழ்ந்தது என்பது தெளிவு. சிவந்து மஞ்சளித்துத் தோன்றினால் அங்கே பிறப்பு நின்று நெடுங்காலமாயிற்று என்று கொள்ளலாம். தொலைவிலுள்ள ஊரின் பிறப்புப் பதிவேட்டை அதன் நிறத்தைப் பார்த்தே வாசிக்கும் வித்தை இது.

இந்த வித்தையைக் கற்ற அறிஞர், நீலமும் சிவப்பும் வானில் எங்ஙனம் பரந்துள்ளன என்று எண்ணத் தொடங்கினர். உடுமண்டலங்கள் தனித்து வாழ்வனவும் உள. நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் நெருங்கிக் கொத்தாய் வாழ்வனவும் உள. அலன் டிரெஸ்லர் என்பவர் 55 கொத்துகளிலுள்ள ஏறத்தாழ 6000 உடுமண்டலங்களை ஆராய்ந்து 1980இல் ஓர் உண்மையை வெளியிட்டார். நெருக்கம் மிகுந்த இடத்திலே பிறப்பு ஓய்ந்த உருண்டை வடிவினவும் வில்லை வடிவினவும் பெரும்பான்மை. நெருக்கம் குறையக் குறையச் சுருள்வடிவினவான இளமை மாறாத மண்டலங்கள் மிகுதி. அதற்கு ஈராண்டு முன்னர், 1978இல், புச்சர், ஓம்லர் என்னும் இருவர் மற்றொன்று கண்டிருந்தனர். பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கொத்துகளில், அதாவது பழங்காலத்துக் கொத்துகளில், நீலமண்டலங்கள் இன்றைய கொத்துகளில் இருப்பதைவிடக் கூடுதலாயிருந்தன. இரண்டையும் சேர்த்து நோக்கினால் கதை விளங்குகிறது: கொத்துக்குள் நீலமாய் நுழைந்தவை காலப்போக்கில் சிவந்துபோகின்றன.

ஆயினும் அவசரப்பட்டுச் சூழலின் மீது பழியைச் சுமத்திவிடலாகாது. நெருக்கமான இடத்திலே பாரமான மண்டலங்களும் கூடுதல். பாரமான மண்டலங்கள் தனித்திருந்தாலும் விரைவில் ஓய்ந்துவிடும் இயல்பின. அவற்றின் நடுவிலுள்ள பெருங்கருந்துளை சீறி எழுந்து வாயுவைச் சூடேற்றித் துரத்திவிடும். ஆகவே பட்டினத்துப் பிள்ளை மெலிந்திருப்பது பட்டினத்தின் குற்றமா, பிறவிக் குற்றமா என்று பிரித்தறிதல் எளிதன்று. 2010இல் பெங், லில்லி முதலியோர், பல்லாயிரம் உடுமண்டலங்களின் பதிவுகளை வைத்து, ஒத்த பாரமுடையவற்றை ஒருசேர நிறுத்திச் சூழலை மாற்றிப் பார்த்தனர். ஒத்த சூழலில் உள்ளவற்றை நிறுத்திப் பாரத்தை மாற்றிப் பார்த்தனர். பாரத்தின் வினை வேறு, சூழலின் வினை வேறு, இரண்டும் தனித்தனியே நின்று தொழிற்படுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. பெரியவை தம் பாரத்தினாலேயே ஓய்கின்றன. சிறியவையோ பெரும்பாலும் பிறருடைய ஆட்சிக்குள் அகப்பட்டே ஓய்கின்றன.

சூழல் என்று வெறுஞ்சொல்லாய்ச் சொன்னால் போதுமோ? அது செய்யும் வினை யாது? இங்கே இரண்டு வழிகளைக் காட்டுவேன். ஒன்று காற்று, மற்றொன்று உப்பு. கற்பிட்டிக்காரருக்கு இவ்விரண்டையும் அறிமுகம் செய்யவேண்டிய தேவையில்லை.

முதலாவது காற்று. சோளகம் வீசும் மாதங்களிலே இந்த மண்முனையில் நின்றவர், நேரே நிற்பதற்கே உடலைச் சாய்த்து நிற்கவேண்டும் என்பதை அறிவர். ஆனால் காற்றே இல்லாத இரவிலும் துவிச்சக்கர வண்டியை விரைந்து மிதிப்பவன் முகத்திலே காற்று அடிக்கிறதல்லவா? ஓடுவது காற்றன்று, ஓடுபவன் அவனே. உடுமண்டலக் கொத்தின் இடைவெளி வெறுவெளியன்று. அங்கே கோடிக்கணக்கான பாகை வெப்பமுடைய வாயு மிகமிக ஐதாகப் பரந்துள்ளது. அதனூடே ஓர் உடுமண்டலம் விநாடிக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும்போது, அந்த ஐதான வாயுவே பெரும்புயலாய் எதிர்த்தடிக்கும். வேகம் இருமடங்கானால் அடியின் வலிமை நான்கு மடங்காகும். விண்மீன்கள் இப்புயலுக்கு அசைவதில்லை. அவை மிகச் சிறியனவும் கனத்தனவுமான பருக்கைகள். மண்டலத்தின் வாயுவோ குடையிலிருந்து பறக்கும் துணிபோலக் கழன்று பின்னே செல்லும். விண்மீன்கள் எஞ்சும், விண்மீனைப் பெறும் வாயு போய்விடும். இதனை 1972இல் கணித்துச் சொன்னவர்கள் கன், கொட் என்னும் இருவர்.

கணக்கில் கண்டது பின்னர்க் கண்ணிலும் பட்டது. 22 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கொத்தினுள் பாய்ந்துகொண்டிருக்கும் உடுமண்டலம் ஒன்றுக்கு இரண்டு இலட்சம் ஒளியாண்டுக்கு மேல் நீண்ட வாயு வால் இருப்பது எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்தது. அப்படத்தைப் பிடித்த விண்தொலைகாட்டிக்குச் 'சந்திரா' என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விண்மீன்களின் முடிவைப் பற்றி இளமையிலேயே கணித்து, பின்னர் நொபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக 1999இல் விண்ணுக்கு ஏற்றப்பட்டது அது. விண்மீனின் முடிவை ஆராய்ந்த தமிழரின் பெயர், விண்மீன் பிறப்பின் முடிவை ஆராயும் கருவிக்கு வாய்த்தது பொருத்தமே.

இத்தகைய வாலுடைய மண்டலங்களுக்கு வானியலார் இட்ட பெயர் ஜெலி மீன் மண்டலம் என்பதாம். நம் கரைவலையிலே மீனோடு சேர்ந்து வந்து கையை அரிக்கச் செய்யும் சொறிமுட்டையை வாசகர் அறிவர். குடைபோன்ற உடலும் தொங்கும் விழுதுகளும் உடைய அதே உருவம். 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் 'அஸ்ட்ரோசாட்' செய்மதியில் புறவூதாத் தொலைகாட்டி ஒன்று உண்டு. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பௌதிக நிறுவனத்தார் முன்னின்று அமைத்தது அது. அதனைக் கொண்டு கோஷி ஜோர்ஜ் முதலிய அறிஞர், 70 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ள ஒரு சொறிமுட்டை மண்டலத்தைப் படம்பிடித்தனர். விநாடிக்கு 3000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் கொத்தினுள் பாய்வது அம்மண்டலம். அங்கே இரண்டு விந்தைகள் தெரிந்தன. உரித்தெடுக்கப்பட்ட வாயு வாலிலும்கூடப் புதிய விண்மீன்கள் முடிச்சு முடிச்சாய்ப் பிறந்திருந்தன. மண்டலத்தின் நடுவிலோ, கருந்துளையின் சீற்றம் எட்டிய இடத்திலே, பிறப்பு இல்லாத ஓர் இருண்ட குழி காணப்பட்டது. புறத்தே புயல் உரிக்கிறது. அகத்தே நெருப்பு எரிக்கிறது. சூழலா இயல்பா என்று நாம் கேட்கும் வினாவின் இரு விடைகளும் ஒரே உடலில் ஒரே காலத்தில் எழுதப்பட்டிருந்தன.

இரண்டாவது வழி உப்பு. புயல் அடித்துக் கொல்வது விரைவான சாவு. ஆனால் ஓசையின்றி வரும் மற்றொரு சாவு உண்டு. ஓர் உடுமண்டலத்தின் கையிருப்பு வாயு நெடுங்காலத்துக்குப் போதாது. நம் பால்வீதியைப் போன்றதொன்று, தன்னைச் சூழ்ந்துள்ள அகன்ற வாயுப் போர்வையிலிருந்து புதுவாயுவை ஓயாது பெற்றுக்கொண்டே வாழ்வது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொணர, வடக்கு வாயிலாலே கடல்நீர் வந்துபோக, நம் களப்பு உயிரோடிருப்பது போன்றது அது. பெரிய மண்டலம் ஒன்றின் ஆட்சிக்குள் அகப்பட்ட சிறிய மண்டலத்துக்கு அந்த வரத்து நின்றுவிடுகிறது. ஊற்று அடைபடுகிறது, குளத்திலுள்ள நீரோ அப்படியே இருக்கிறது. இருந்ததைக் கொண்டு சில காலம் விண்மீன்கள் பிறக்கும். பின்பு மெல்ல மெல்ல நின்றுவிடும். இக்கருத்தை 1980இல் லார்சன், டின்ஸ்லி, கோல்ட்வெல் என்னும் மூவர் எடுத்துரைத்தனர். அவர்களுள் பியட்ரிஸ் டின்ஸ்லி நியூசிலாந்தில் வளர்ந்த பெண்மணி. உடுமண்டலங்களும் மனிதரைப்போல் வளர்ந்து மூப்படைவன என்பதை அறிவுலகத்துக்கு உணர்த்தியவர். மறு ஆண்டே நாற்பதாம் வயதில் காலமானார்.

விரைவான சாவா, மெல்லிய சாவா, எது பெரும்பான்மை? இறந்த ஊரிடம் எங்ஙனம் கேட்டறிவது? இங்கேதான் உப்பளம் உதவிக்கு வருகிறது. பாத்தியிலுள்ள நீரை ஒரேயடியாய் இறைத்து ஊற்றிவிட்டால், மிஞ்சிய ஈரத்தின் உவர்ப்பு முன்னிருந்ததே. மடையை அடைத்துவிட்டு வெயிலில் விட்டால், நீர் குறையக் குறைய உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். உடுமண்டலத்துக்கும் ஓர் உப்பு உண்டு. விண்மீன்கள் தம் வயிற்றிலே ஒட்சிசன், இரும்பு முதலிய கனத்த மூலகங்களைச் சமைத்து, இறக்கும்போது வாயுவிலே கலந்துவிடுகின்றன. புதுவாயு வந்துகொண்டிருக்கும்வரை இக்கலப்பு நீர்த்துக்கொண்டே இருக்கும். வரத்து நின்றதும், எஞ்சிய வாயுவிலே கனத்த மூலகங்கள் செறியும். அவ்வாயுவில் பிறந்த கடைசி விண்மீன்களின் உடலிலும் அச்செறிவு பதியும். ஆகவே இறந்த மண்டலத்து விண்மீன்களின் நிறமாலையை ஆராய்ந்தால், மடை அடைபட்டுச் செத்ததா, இறைத்து ஊற்றப்பட்டுச் செத்ததா என்பது வெளிப்பட்டுவிடும்.

2015இல் பெங், மயோலினோ, கொக்ரேன் என்னும் மூவர், ஏறக்குறைய 26,000 உடுமண்டலங்களின் நிறமாலைகளை வைத்து இதனைச் செய்து பார்த்தனர். இறந்தவற்றில் 'உவர்ப்பு' தெளிவாகவே கூடியிருந்தது. மிகப் பாரமானவற்றை விட்டால், ஏனையவற்றில் பெரும்பாலானவை ஊற்று அடைபட்டு, ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஓய்ந்தன என்று அவர்கள் முடிவு கட்டினர். 2020இல் வெளிவந்த பின்னாய்வு ஒன்று, அடைப்பு மட்டும் போதாது, உள்ளிருந்து வாயு வெளியேறுவதும் சேர்ந்தே முடிவைக் கொணர்கிறது என்று திருத்தியது. மடையும் அடைபட்டு வரப்பும் கசிந்த பாத்தி என்று கொள்வோமாக.

அதே 2020ஆம் ஆண்டில் நம் அயல்நாட்டிலிருந்து வந்த செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. புனேக்கு அருகே 45 மீற்றர் அகன்ற முப்பது வட்டில்களைக் கொண்டு அமைந்த பெரிய வானொலித் தொலைகாட்டியினால், ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் முதலியோர் சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்திய உடுமண்டலங்களின் ஐதரசனை நிறுத்துப் பார்த்தனர். ஒன்றன் குரல் கேட்காத அளவு மெல்லியது. ஆதலால் 7,653 மண்டலங்களின் குரல்களை ஒருங்கே அடுக்கிக் கேட்டனர். அன்று அவற்றின் கையிலிருந்த வாயு, அன்றைய வேகத்தில் விண்மீன்களைப் பெற்றால், நூறு அல்லது இருநூறு கோடி ஆண்டுகளுக்கே போதுமானதாயிருந்தது. வரத்து ஈடுகொடுக்கவில்லை. சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உச்சத்தில் இருந்த விண்மீன் பிறப்பு இன்று ஏறத்தாழ பத்திலொன்றாய்ச் சுருங்கியிருப்பதன் காரணம் இதில் புலப்படுகிறது. தனித்தனி ஊர்களில் மட்டுமன்று, அண்டம் முழுவதிலுமே ஊற்று மெலிந்து வருகிறது.

'கோடி கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடப்பது நமக்கெதற்கு?' என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: இவ்வழக்கின் சாட்சிகளுள் இருவர் நம் கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றனர். தமிழ்நாட்டின் வடபகுதியாருக்கும் எளிதில் கிட்டாத பேறு அது. நாம் நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே இருப்பதனால், தென் துருவத்தை அண்டிய வானமும் நமக்குத் தலைகாட்டுகிறது. மார்கழி, தை மாதங்களிலே, நிலவில்லாத, முகிலில்லாத இரவில், கற்பிட்டி மணற்கரையில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானத்துக்குச் சற்று மேலே கிழிந்த பஞ்சுபோன்ற இரண்டு வெண்திட்டுகள் தெரியும். அவை முகில்கள் அல்ல. மகெலன் முகில்கள் என்று மாலுமிகள் பெயரால் வழங்கும் இரண்டு சிற்றுடுமண்டலங்கள். பெரியது 1,60,000 ஒளியாண்டும், சிறியது ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஒளியாண்டும் தொலைவானவை. 1344இல் இப்னு பத்தூத்தா இக்கரையில் வந்திறங்கியபோதும் இதே தென்வானம் இதே முகில்களைச் சுமந்திருந்தது.

நம் பால்வீதியைச் சுற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றுடுமண்டலங்கள் வலம்வருகின்றன. சுமார் ஒன்பது இலட்சம் ஒளியாண்டு எல்லைக்குள் உள்ளவற்றுள், மகெலன் முகில்கள் இரண்டையும் தவிர, ஏறக்குறைய எதனிடத்தும் வாயு இல்லை. 1938இல் ஷாப்லி கண்டெடுத்த 'சிற்பி' என்னும் சிறுமண்டலம் இரண்டே முக்கால் இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. பல நூறு கோடி ஆண்டுகளாக அங்கே புதுப்பிறப்பு இல்லை. 2007இல் அறியப்பட்ட 'சிம்மம் டி' அதனினும் மிகச் சிறியது; ஆனால் 13 இலட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் ஒதுங்கி வாழ்வதால் அதனிடம் வாயுவும் உண்டு, அண்மைக் காலம்வரை பிறப்பும் உண்டு. மிகச் சிறியனவற்றுள் பல அண்டத்தின் இளமைக் காலத்திலேயே முதல் விண்மீன்களின் கடுமொளியால் சூடேறி ஓய்ந்தன என்பதும் உண்மையே. எனினும் அருகில் இருப்பவை வறியவை, தொலைவில் இருப்பவை வளமுடையவை என்னும் ஒழுங்கு, பால்வீதியே குற்றவாளி என்பதைக் காட்டிக் கொடுக்கிறது. பால்வீதியைச் சூழ்ந்து பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுடைய வாயுப் போர்வை ஒன்று உண்டு. அதனூடே வலம்வரும் சிறியவர், துவிச்சக்கர வண்டிக்காரனைப்போல், எதிர்க்காற்றில் தம் வாயுவை இழந்துவிட்டனர்.

பெரிய முகில் மட்டும் தப்பியது எப்படி? அது பாரமானது, அன்றியும் அண்மையிலேயே நம் எல்லைக்குள் வந்ததென்று பலர் கருதுகின்றனர். ஆயினும் முற்றும் தப்பவில்லை. அதன் முன்விளிம்பிலே விண்மீன்கள் பரந்துள்ள தூரம்வரை வாயு பரந்திருக்கவில்லை; எதிர்க்காற்று அதனை வெட்டியிருக்கிறது. 2024இல் சப்னா மிஸ்ரா முதலியோர், முகிலுக்குப் பின்னே நெடுந்தொலைவில் ஒளிரும் 28 குவேசார்களின் ஒளியை ஹபிள் விண்தொலைகாட்டியால் ஆராய்ந்து, முகிலைச் சூழ்ந்த வாயுப் போர்வை எம்மட்டு எஞ்சியுள்ளது என்று அளந்தனர். அதன் குறுக்களவு 50,000 ஒளியாண்டு அளவே. அதனையொத்த பாரமுடைய பிற மண்டலங்களுக்கு இருப்பதில் பத்திலொரு பங்கு. மேலாடை பறிபோயிற்று, உள்ளாடை எஞ்சியது. அந்த எஞ்சிய வாயுவைக் கொண்டே அது இன்றும் விண்மீன்களைப் பெறுகிறது. இரண்டு முகில்களிலிருந்தும் கழன்ற ஐதரசன் வானத்தில் நூறு பாகைக்கு மேல் நீண்ட ஓடையாய்க் கிடப்பதையும் வானொலித் தொலைகாட்டிகள் காட்டுகின்றன. ஒன்றையொன்று ஈர்த்துப் பிய்த்ததும் நம் பால்வீதியின் காற்று அடித்ததும் ஆகிய இரண்டும் கூடி வகுத்த ஓடை அது.

இதனை எழுதும்போது என் மனம் வானிலேயே நிற்பதில்லை. உடப்பிலே கரைவலை இழுத்து முதிர்ந்த சம்மாட்டியார் ஒருவரிடம் ஒருநாள் இக்கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாஸ்டர், அது செத்ததுக்கு அதுவே காரணமா, அது கிடந்த இடம் காரணமா எண்டு கண்டுபிடிக்க இவ்வளவு பேர் பாடுபடுறாங்க. எங்கட ஊருக்கு அப்பிடி ஆராவது பார்த்தாங்களா?" என்றார். மறுமொழி கூற எனக்கு நாவெழவில்லை. 1980களிலும் 1990களிலும் இக்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலிலிருந்தே பலரும் நீரெடுத்தனர். அதிலேயே கழிவுநீரையும் விட்டனர். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை நீர்வழியே நடந்து சென்றது. கவனமாய்ப் பண்ணை நடத்தியவனும் அழிந்தான். கவனமின்றி நடத்தியவனும் அழிந்தான். 'இவன் தொழில் தெரியாதவன்' என்று ஒவ்வொருவனையும் தனித்தனியே பழித்தால் வாய்க்கால் தப்பிவிடுமல்லவா?

மற்றொன்றும் சொல்வேன். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினர். அப்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று கையை விரித்த ஆசிரியரையும் நான் அறிவேன். விளக்கெண்ணெய்க்கும் குடிநீருக்கும் அலைந்துவிட்டு வகுப்பில் உறங்கிய பிள்ளையின் புள்ளியை, மாடிவீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு வைத்து இயல்பை அளந்தவர் அவர். பெங்கும் லில்லியும் செய்ததுபோல், ஒத்த பாரமுடையவற்றை ஒருசேர நிறுத்திய பின்னரே சூழலைப் பற்றியும், ஒத்த சூழலில் நிறுத்திய பின்னரே இயல்பைப் பற்றியும் தீர்ப்பளித்தல் வேண்டும். உயிரற்ற வாயுத்திரளுக்குக் காட்டும் இந்த நேர்மையை உயிருள்ள பிள்ளைக்கும் நாம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

ஆயினும் உவமையை அளவுக்கு மேல் இழுக்கலாகாது. உடுமண்டலத்துக்கு மனமில்லை. அது தான் விழும் கொத்தைத் தெரிந்துகொள்வதில்லை. அடைபட்ட மடையைத் தானே திறப்பதுமில்லை. அன்று கொட்டிலில் இருந்தவர் பலர் இன்று கல்வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருக்கின்றனர்; அவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்துள்ளனர். வானத்துச் சட்டம் மனிதனுக்கு விதியன்று. 'சூழலைப் பார்' என்னும் ஆராய்ச்சி முறையை மட்டுமே நாம் வானத்திடமிருந்து கடன் வாங்கலாம். 'சூழல் கெட்டால் முடிவுதான்' என்னும் முடிவைக் கடன் வாங்கவேண்டியதில்லை.

நம் பால்வீதியின் நிலை யாது என்று வாசகர் கேட்கலாம். அது இன்றும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கதிரவன் அளவு வாயுவை விண்மீன்களாக்கி வருகிறது. கூட்டம் குறைந்த சிற்றூரில் வாழும் பேறுபெற்றது அது. நமக்கு அணித்தான பெருங்கொத்து கன்னி ராசியிலே ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உடுமண்டலங்கள் வாழும் அப்பட்டினத்திலே வாயுவை இழந்த சுருள்மண்டலங்கள் பல. சித்திரை மாதத்து இரவில், ஒன்பது பத்து மணியளவில், அக்கொத்து இருக்கும் திசை ஏறத்தாழ நம் உச்சிக்கு நேரே நிற்கும். உத்திர நட்சத்திரத்துக்குக் கிழக்கே வெறுமையாய்த் தோன்றும் அந்த வானப்பரப்பிலே கண்ணுக்கு எதுவும் புலப்படாது. ஆயினும் அங்கே ஒரு பெருநகரின் நீலவிளக்குகள் ஒவ்வொன்றாய் அவிந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிந்து நோக்குதல் வேறொரு நோக்காகும்.

இக்கரையின் இருளும் ஒரு செல்வமே. நுரைச்சோலை மின்னிலையத்தின் விளக்குகளும், புதிதாய் எழும் விடுதிகளின் விளக்குகளும் அதனைச் சிறிது சிறிதாய்த் தின்று வருகின்றன. மின்னொளி வேண்டாம் என்பவன் அல்லேன். விளக்கின்றிப் படித்த பிள்ளைகளைக் கண்டவன் நான். விளக்கை வானத்துக்குக் காட்டாமல் நிலத்துக்குக் காட்டினால், தெருவும் வெளிச்சமாகும், முகில்களும் மறையா. வரும் தை மாதத்து அமாவாசையை அண்டிய இரவொன்றிலே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மணற்கரைக்குச் செல்லுங்கள். தெற்கே கையை நீட்டிக் காட்டுங்கள். பெரிய அயலவனின் காற்றிலே மேலாடையை இழந்தும் விண்மீன்களைப் பெறுவதை நிறுத்தாத ஒரு சிறுமண்டலம் அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அது தெரிகிறதா என்று அவர்கள் கண்ணைச் சுருக்கித் தேடட்டும். கண் இருளுக்குப் பழகக் கால்மணி நேரமாவது ஆகும்.